திருநீற்றுக் குட்டான்

கோயில் மண்டபத்தில் கூட்டுப் பாட்டு முடிந்ததும், "நீங்களும் ஒன்று பாடுங்களேன் அக்கா" என்று யாராவது கேட்டால் நான் தொண்டையைத் தொட்டுக் காட்டுவேன். சளி, இருமல், புதுப் பல் செட்டு சரியாக உட்காரவில்லை என்று ஏதாவது ஒரு சாக்கு. என் வயதுக்காரர்களான உங்களுக்குத் தெரியும், நம்மைப் போன்றவர்களுக்குச் சாக்குக்கா பஞ்சம்? உண்மை வேறு. பாடு என்று ஒருவர் என் முகத்தைப் பார்த்த உடனே எனக்கு ஒன்பது வயதாகிவிடுகிறது. காது மடல் சுடுகிறது. கை இரண்டும் பாவாடையின் ஓரத்தைத் தேடுகின்றன. ஏன் என்று இன்று சொல்லிவிடுகிறேன். கேட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை, அந்தக் காலத்திலேயே ஊர் சிரித்து முடித்துவிட்டது.

அப்போது எங்கள் வீடு பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம் இருந்தது. பலகை வீடு, முன்னால் டிராம் ஓடும் தெரு, பின்னால் தென்னந்தோப்பு. நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். தகப்பனை ஐயா என்றுதான் அழைப்போம். ஐயாவுக்குத் துறைமுகத்துக் கந்தோரில் கணக்கெழுதும் கிராணி வேலை. அம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி, அவ்வளவுதான் குடும்பம். சொந்தபந்தம் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம்.

நடு அறைச் சுவரில் சாமிப் படங்கள், கீழே ஒரு பித்தளை விளக்கு, விளக்குக்கு வலப்பக்கம் ஓர் ஆணி. அந்த ஆணியில் ஒரு திருநீற்றுக் குட்டான் தொங்கும். குட்டான் என்றால் பனையோலையில் பின்னிய சின்னக் கூடு. அம்மா கலியாணமாகிக் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்தது. நாள்பட நாள்பட ஓலை தேன் நிறமாகி, வாய் விளிம்பு மட்டும் விரல் பட்டுப் பட்டு வெள்ளையாக இருந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் திருநீற்று வாசனையோடு பழைய ஓலை வாசனையும் சேர்ந்து வரும். ஜப்பான்காரன் காலத்தில் வீடு மாறி வீடு மாறி ஓடினோமே, அப்போது அது எங்கேயோ தொலைந்துபோனது. விளக்குப் போனதற்குக்கூட அழாத நான் அதற்கு அழுதேன்.

ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயங்காலம் கந்தோரிலிருந்து வருவார். அவர் கோட்டில் தகரத்து வாசனையும் ஈரச் சாக்கு வாசனையும் அடிக்கும். கிணற்றடியில் குளித்து, வேட்டி கட்டி, சால்வை போட்டு, ஒரு துணிப்பையில் கைத்தாளத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். துறைமுகத்துப் பக்கம் ஒரு மடம் இருந்தது. அங்கே கப்பலில் மூட்டை இறக்குகிறவர்களின் பிள்ளைகளுக்குப் பதிகம் சொல்லிக் கொடுப்பது அவர் தனக்குத்தானே ஏற்றுக்கொண்ட தொண்டு. சம்பளம் கிடையாது. மழை, காய்ச்சல், எதற்கும் ஒரு நாள் தவறமாட்டார். திரும்பி வரும்போது நானும் தம்பியும் தூங்கிப்போயிருப்போம். காலையில் அவர் சவரம் செய்யும் முதுகைத்தான் பார்ப்போம்.

ஊரெல்லாம் அவரை மாஸ்டர் என்று தலையில் வைத்துக் கொண்டாடியது. கடைக்குப் போனால், "மாஸ்டர் மகளா? நீ கொடுத்து வைத்தவள்" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். நானும் பெருமையாகத்தான் நின்றுகொண்டிருப்பேன். மாஸ்டர் மகளுக்கு ஒரு வரியும் தெரியாது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் அதுதான் நடந்தது. விளக்கு வைத்ததும் அம்மா எங்களுக்குத் திருநீறு பூசி, "கும்பிடுங்கோ" என்பாள். கும்பிடுவோம். பிறகு? பிறகு ஒன்றுமில்லை. பாட்டு என்று கேட்டால், "ஐயா சொல்லித் தருவார்" என்பாள். ஐயாவோ வீட்டில் தாய் சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். சைவ வீட்டுப் பெண்ணுக்குப் பதிகம் தெரியுமா என்று யார் கேட்பார்கள்? சோறு வடிக்கத் தெரியுமா என்று கேட்கிற மாதிரி அல்லவா அது. அம்மா சின்ன வயதிலேயே தாயை இழந்து மாமன் வீட்டு அடுப்படியில் வளர்ந்தவள். பாட்டு முன் அறையில் நடக்கும், அவள் பின்னால் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் தெரியாது. தெரியாது என்று புருஷனிடம் சொல்ல வெட்கம்.

மடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போகலாமே என்று நினைப்பீர்கள். அங்கே பெண் பிள்ளைகளும் படித்தார்கள்தான். நான் ஒரு தடவை கேட்டேன். ஐயா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மாதான், "அது எங்களுக்குச் சரிவராது பிள்ளை" என்றாள். என்ன சரிவராது என்று அன்று எனக்குப் புரியவில்லை.

ஆகவே ஐயா மடத்துக்குப் போனதும் நாங்கள் பின் படிக்கட்டுக்குப் போவோம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரி. மாக்சிக் என்று கூப்பிடுவோம், மாமி என்கிற மாதிரி. வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து விற்பவள். எண்ணெய் கொதிக்கும் சத்தத்துக்கு மேலே அவள் குரல் எழும்பும். அந்த நாட்களில் பினாங்கில் பங்சாவான் நாடகம் என்றால் பைத்தியம். கூடாரம் போட்டு, பெட்ரோமாக்ஸ் ஏற்றி, ராஜகுமாரியும் மந்திரவாதியும் வந்து பாடுவார்கள். மாக்சிக் ஒரு நாடகம் விடமாட்டாள். பார்த்துவிட்டு வந்து முழுப் பாட்டையும் எங்களுக்குப் பாடி நடித்துக் காட்டுவாள். ராஜகுமாரி ராஜகுமாரனைப் பார்த்து மயங்குகிற இடத்தில் தோளை ஒரு வெட்டு, கரண்டி பிடித்த கையை ஒரு சுழற்று. நானும் தம்பியும் கூடவே சுழற்றுவோம். அம்மா அரிசியில் கல் பொறுக்கியபடி சிரிப்பாள். எங்கள் வீட்டில் சாயங்காலம் என்று ஒன்று இருந்தது என்றால் அது அந்தப் படிக்கட்டில்தான் இருந்தது. வாழைப்பழ வாசனையும் அந்த மெட்டும் எனக்கு இன்றைக்கும் சேர்ந்தேதான் வரும்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். பெரிய படிப்பாளி, பேச எழுந்தால் கூட்டம் மூச்சுவிடாது. விஜயதசமி அன்று மடத்தில் பிள்ளைகளின் பாட்டு என்று ஏற்பாடு. எல்லாம் ஐயாவின் பொறுப்பு. பத்து நாட்களாக அவர் வீட்டில் சாப்பிடவே இல்லை. எங்களையும் வரச் சொன்னார். அம்மா எனக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப் பாவாடை கட்டிவிட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ரிக்‌ஷாவின் தார்ப்பாய்க்குள் என் பட்டு நனையாமல் அம்மா தன் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள்.

துறைமுகத்துப் பிள்ளைகள் பாடினார்கள். என்னத்தைச் சொல்ல! எண்ணெய் தடவி வாரிய தலைகள், தோய்த்துத் தோய்த்து நைந்த சட்டைகள், ஆனால் ஒரே குரல். ஐயா தாளத்தைத் தட்டத் தட்ட அவர்கள் வாய் அசைந்தது. ஐயாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. பிரசங்கியார் பாராட்டியபோது ஐயா கைகூப்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இந்தப் பிள்ளையள் எல்லாம் என்ர பிள்ளையள்தான்."

கூட்டம் கை தட்டியது. பிரசங்கியார் சிரித்தபடி, "அப்ப உம்மட சொந்தப் பிள்ளை எங்கை? அதின்ர பாட்டையும் கேப்பமே" என்றார்.

ஐயா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பெண்கள் பக்கம் பார்த்து என்னைக் கை காட்டி அழைத்தார். அம்மாவின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. பிறகு விட்டுவிட்டது. அவளால் அங்கே என்ன சொல்ல முடியும்?

நான் போய் நின்றேன். ஐயா தாளத்தை என் கையில் கொடுத்தார். அதைத் தொட்டதே அன்றுதான். கனமாக இருந்தது, அவர் கைச்சூடு அதில் இருந்தது. சின்னப் பிள்ளைகள் எல்லோரும் முதலில் பழகும் பதிகம் ஒன்றின் பெயரைச் சொல்லிப் பாடச் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மறந்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து முதல் வரியை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். வரி கிடைத்துவிட்டது. மெட்டுக்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்தது ஒரே மெட்டுத்தான்.

அதில் பாடினேன். சாமியின் பெயரை ராஜகுமாரி மயங்குகிற மெட்டில் பாடினேன். பயத்தில் உடம்பு தன்பாட்டுக்கு வேலை செய்தது. தோள் ஒரு வெட்டு வெட்டியது, தாளம் பிடித்த கை ஒரு சுழற்று சுழன்றது. ஐயா இரண்டாம் வரியைக் கொடுத்தார். நிறுத்தத் தெரியாமல் கொடுத்தாரா, நான் திருந்திவிடுவேன் என்று கொடுத்தாரா, தெரியாது. அதையும் அப்படியே பாடினேன்.

பாயிலிருந்த பிள்ளைகளுக்கு அந்த மெட்டு நன்றாகத் தெரியும். நாடகக் கூடாரத்தின் அடியில் தலையை விட்டுப் பார்க்கிறவர்கள் அல்லவா. முதலில் எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும். பெரியவர்கள் சால்வையை வாயில் வைத்துக்கொண்டார்கள். எங்கள் மானம் கப்பலேறியது அங்கேதான்.

பிரசங்கியார் மட்டும் சிரிக்கவில்லை. என் தலையில் கை வைத்து, ஐயாவைப் பார்த்து, கோபமில்லாமல் சொன்னார்:

"பிள்ளைக்கு நல்ல குரல் இருக்கு. சொல்லிக் குடுக்கத்தான் வீட்டிலை ஆளில்லைப் போலை."

திரும்பி வரும்போது ஐயா வேறு ரிக்‌ஷாவில் வந்தார். வீட்டுக்குள் வந்து ஈரச் சால்வையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம், வீட்டில் இருந்து என்ன செய்தாய், ஒரு பதிகம் சொல்லிக் கொடுக்க முடியாமல் போயிற்றா என்று கேட்டார். அம்மா குனிந்து தம்பியின் ஈரச் சட்டையைக் கழற்றினாள். மெட்டு எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டார். நான் பின் கதவைக் காட்டினேன். அவர் போய் அந்தக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

இரண்டு நாளில் தீர்ப்பு வந்தது. பிரசங்கியார் திரும்பும் கப்பலில் ஒரு குடும்பம் ஊருக்குப் போகிறது, அவர்களோடு என்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவது. அங்கே ஐயாவின் தமக்கை, என் மாமி இருந்தாள். அவளிடம் வளர்ந்தால் சமயமும் ஒழுக்கமும் வரும், குமரான பிறகு திரும்பி வரலாம். இதில் புதுமை ஒன்றுமில்லை, உங்களுக்கே தெரியும். நம் ஆட்களில் எத்தனை வீட்டில் பிள்ளைகளை இப்படிக் கப்பலேற்றினார்கள்! பிள்ளைக்கு நல்லது என்று நெஞ்சறிய நம்பித்தான் செய்தார்கள். பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்க்கலாம் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தகரப் பெட்டி ஒன்று வந்தது. அம்மா என் உடுப்புகளை மடித்து வைத்தாள். ஒரு நாள் மடிப்பாள், மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து உதறித் திரும்ப மடிப்பாள். என்னோடு பேசமாட்டாள். தம்பி பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு தானும் வருவேன் என்பான். வேலிக்கு அப்பால் மாக்சிக் எப்போதும்போலப் பாடினாள். எங்கள் கதவு திறக்கவில்லை. நான் பிழை செய்தவள், அதனால் அனுப்புகிறார்கள் என்றுதான் நம்பினேன். ஒன்பது வயதில் வேறு என்ன நினைக்க முடியும்? தெருப் பிள்ளைகள் யாராவது எதிர்ப்பட்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடந்தேன்.

கப்பலுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஒரு சாயங்காலம் ஐயா மடத்துக்குப் போன பிறகு அம்மா விளக்கைத் துடைத்துத் திரி போட்டாள். ஆனால் ஏற்றவில்லை. எழுந்துபோய்ப் பின் கதவின் தாழ்ப்பாளைத் திறந்தாள். வேலியடிக்குப் போய், தனக்குத் தெரிந்த நாலு மலாய் வார்த்தைகளை வைத்துக்கொண்டு, மடத்துக்கு எந்த டிராமில் போவது என்று மாக்சிக்கிடம் கேட்டாள். அம்மா தனியாகத் தெரு முனையைத் தாண்டினவள் இல்லை. இத்தனை நாள் கதவைச் சாத்தி வைத்ததற்கு மன்னிப்பும் கேட்க முயன்றாள், வார்த்தை வரவில்லை. "தா அப்பா லா," பரவாயில்லை என்றாள் மாக்சிக். அடுப்பை அணைத்துவிட்டு எங்களோடு டிராம் நிற்கும் இடம்வரை வந்து, எங்கே இறக்கிவிட வேண்டும் என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி அம்மாவின் இடுப்பில், நான் அவள் கையில். மடத்து வாசலில் நின்றபோது உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் ஐயாவின் தாளம் நின்றது. வீட்டில் யாருக்கோ என்னவோ என்று பதறித்தான் எழுந்தார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னாள்:

"எனக்குப் பதிகம் தெரியாது. எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. உங்களுக்குச் சொல்ல வெக்கமாயிருந்தது. இவளைக் கப்பலேத்தாதேங்கோ. இவளுக்கும் எனக்கும் சேத்து நீங்களே சொல்லித் தாங்கோ."

ஐயாவின் முகம் கறுத்தது. அம்மாவின் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் அது பழைய மடம், மேலே ஓடு, ஊசி விழுந்தாலும் கேட்கும்.

"உனக்கென்ன விசரோ? எங்கட பிள்ளையை இந்தக் கூலிச் சனத்தின்ர பிள்ளையளோடை ஒரு பாயிலை இருத்தவோ?"

பாயிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பாடி அவமானப்பட்டதைச் சொன்னேனே, அது ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் என்னைக் குனிய வைப்பது இந்த நிமிஷம்தான். கொஞ்ச நாளுக்கு முன்பு அதே இடத்தில், எல்லாம் என் பிள்ளைகள் என்று சொன்னவர். அவர்களும் அதை நம்பியிருந்தவர்கள். ஒரு பிள்ளை தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். அதன் பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது ஐயாவுக்கு உறைத்தது. தாளத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கைமாற்றிக்கொண்டே நின்றார். தகப்பனுக்காகப் பிள்ளை வெட்கப்படுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது எனக்கு.

அன்று முதலில் சிரித்தாளே இரட்டைப் பின்னல்காரி, அவள்தான் அசைந்தாள். பக்கத்திலிருந்தவளை இடித்துத் தள்ளி, பாயில் இடம் பண்ணி, "இங்க வா லா, எடம் இருக்கு" என்றாள். நான் அசையவில்லை. அம்மா போனாள். இடுப்பில் தம்பியோடு, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே, பாயில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த பிறகு நானும் உட்கார்ந்தேன்.

ஐயா தம் இடத்துக்குத் திரும்பினார். பிறகு உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகளின் அந்த முதல் பதிகத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள், ஆனால் பழைய சத்தம் இல்லை. அம்மாவும் சொன்னாள். அவள் குரலை நான் அன்றுதான் பாட்டில் கேட்டேன். பிசிறு பிசிறாக, மெட்டுக்குச் சற்றுப் பின்னால் வந்தது.

அன்று வகுப்புச் சீக்கிரம் முடிந்தது. பிள்ளைகள் வெளியே போகும்போது ஐயா ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்கு அந்த வார்த்தை வராது. அதற்குப் பிறகும் பிள்ளைகள் வந்தார்கள், ஆனால் எல்லோரும் வரவில்லை. தன் சட்டையைப் பார்த்தவன் வரவே இல்லை. ஐயா அவனைத் தேடித் துறைமுகத்து வரிசை வீடுகளுக்கு ஒரு தடவை போனார் என்று பின்னால் அம்மா சொன்னாள். கண்டாரா இல்லையா என்று சொல்லவில்லை. கப்பல் நான் இல்லாமலே புறப்பட்டுப் போனது.

நான்கு பேரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தோம். இன்னும் முழுதாக இருட்டவில்லை. நான் விழித்திருக்கும் போது ஐயா சாயங்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து சாமிப் படத்துக்கு முன் உட்கார்ந்தது அன்றுதான். அம்மா விளக்கை ஏற்றினாள். தாழ்ப்பாள் போடாத பின் கதவு வழியாக எண்ணெய் கொதிக்கும் வாசனையும் மாக்சிக்கின் பாட்டும் வந்தன. ஐயா தலையைத் தூக்கிக் கேட்டார். என்னைப் பார்த்து, "இதுதானோ?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

பிறகு திருநீறு எடுக்கக் கையை நீட்டினார். படத்தின் கீழே தடவினார், விளக்கின் இடப்பக்கம் பார்த்தார், பலகையின் மேல் பார்த்தார். அம்மா உள்ளே தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அவர் என்னிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:

"திருநீறு எங்கை பிள்ளை இருக்கு?"

அவர் தலைக்கு நேரே வலப்பக்கம், கலியாணமான நாளிலிருந்து அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் திருநீறு பூசிவிடுகிறவருக்குத் தன் வீட்டுத் திருநீறு இருக்கும் இடம் தெரியவில்லை. அதை அவரும் அந்த நிமிஷமே கண்டுகொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

தம்பிதான் எழுந்தான். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, குட்டானைக் கழற்றி, வீட்டுக்கு வந்த பெரியவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினான். ஐயா தம் விரல்களை உள்ளே விட்டார். முதலில் அவனுக்குப் பூசினார், பிறகு எனக்கு. அவர் விரல் என் நெற்றியில் நின்று நின்று போனது.

தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, எதையும் மனதில் வைத்துக் கேட்காமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான்:

"ஐயா, நாளைக்கும் எங்கட வீட்டுக்கு வருவியளோ?"